காகம் மாடாகக் கத்திய கசெற்

கல்லடி,
ஞாயிற்றுக்கிழமை காலை.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய பழுகாமத்து மச்சான் பூபாலபிள்ளை அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி புருஷன் வினாயகமூர்த்தி எழுதிக்கொள்வது. இங்கு யாவரும் நலம் என்று எழுதத்தான் பழகிய கை போகிறது. ஆனால் யாவரும் என்று சொல்வதற்கு இங்கே நான் ஒருவன்தான் இருக்கிறேன், நான் நலமில்லை. அங்கு நீங்களும் மச்சாளும் பிள்ளைகளும், முக்கியமாகப் போன திங்கட்கிழமை ஒரு கைப்பையோடு உங்கள் வீட்டில் வந்து இறங்கிய என் மனைவி புஸ்பமும் நலமாயிருக்க மண்டூர் முருகன் துணை நிற்பாராக. வேளாண்மை வெட்டு நேரம், வயல் வட்டைக்கும் வீட்டுக்கும் ஓடித் திரிகிற உங்களுக்குப் பக்கம் பக்கமாக எழுதி உபத்திரவம் தருவதைப் பொறுத்துக்கொள்ள வேணும். போனில் கதைத்திருக்கலாம்தான். கதைக்க விட்டால்தானே! உங்கள் நம்பருக்கு எடுத்தால் புஸ்பம் எடுக்கிறாள். என் குரலைக் கேட்டதும், “அண்ணன், சங்கீதம் தெரிஞ்ச ஆள் கதைக்கிறார்” என்று சொல்லிவிட்டுப் போனை எங்கேயோ வைத்துவிடுகிறாள். அதற்குப் பிறகு உங்கள் வளவுக் கோழிகள் கத்துவதைத்தான் நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வட்ஸ்அப்பில் எழுதினால் உங்கள் பேரன் அதை வீடு முழுக்கக் கேட்க வாசித்துக் காட்டுகிறானாம். ஆகவே கடதாசியில் எழுதி, பின்னேரம் உங்கள் பக்கம் நெல் ஏற்ற வரும் எங்கள் பக்கத்து வீட்டு லொறிக்காரரிடம் கொடுத்துவிடுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். புஸ்பத்தை அனுப்பிவையுங்கள். வெட்டுக்கு உதவியாக வந்ததாக அவள் உங்களிடம் சொல்லியிருப்பாள். வெட்டுகிறது மெஷின், அதை ஓட்டுகிறது ஒரு பெடியன், இதில் புஸ்பம் என்ன உதவி? அவள் கோபித்துக்கொண்டு வந்திருக்கிறாள் மச்சான். ஏன் கோபம் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் என் பக்கத்து நியாயம் உங்களுக்கு விளங்கும்.

எங்களுக்கு ‘வாவிக்கரை இசை ரசிகர்கள்’ என்று ஒரு வட்ஸ்அப் குறூப் இருக்கிறது. நடத்துகிறவர் காத்தான்குடி சாலிஹ் நானா. புடைவைக் கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, வீட்டில் ஒரு அறை நிறையப் பழைய கர்நாடக சங்கீத இசைத்தட்டும் கசெற்றுமாகக் குடியிருக்கிற மனிதர். சனிக்கிழமை பின்னேரம் ஒரு பழைய றெக்கோர்டிங் போடுவார், பாடினவர் பெயரைப் போடமாட்டார். நாங்கள் எல்லாரும் கேட்டு அபிப்பிராயம் சொல்லவேணும். ஞாயிறு மத்தியானம் பெயரை வெளிவிடுவார். இடைக்கிடை எங்களில் ஒருவருக்கும் அந்த முறை வரும். பெயர் தெரிந்தால் மனுஷன் காதால் கேட்கமாட்டான், பயத்தால் கேட்பான் என்பது நானாவின் கொள்கை. ஏறாவூரிலிருந்து வங்கியில் வேலை செய்யும் றிஷாட், கனடாவில் இருக்கும் எங்கள் கல்லடி டொக்டர் ஒருவர், இன்னும் ஒரு பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் ஆஹா, ஓஹோ, கும்பிடுகிற கை, அழுகிற முகம் என்று போடுவார்கள். நான் மட்டும்தான் ‘மூன்றாவது நிமிஷத்தில் சுருதி விலகியது’ என்று சொல்லுவேன். உத்தியோக காலம் முழுக்கக் கணக்காய்வுப் பகுதியில் இருந்தவன், பிழை கண்ணில் படாவிட்டால் எனக்குச் சாப்பாடு செமிக்காது. அதனால் குறூப்பில் எனக்கு ஒரு மதிப்பு இருந்தது. பயம் என்றும் சொல்லலாம்.

கொஞ்சம் பொறுங்கள், போன் சத்தம் போட்டது. ஒன்றுமில்லை, ரீலோட் விளம்பரம். புஸ்பமாக்கும் என்று எழும்பி ஓடினதில் செருப்பையும் காணவில்லை.

முந்தின கிழமை றெக்கோர்டிங் போடவேண்டிய முறை எனக்கு. என்னிடம் இருந்ததெல்லாம் போட்டு முடிந்துவிட்டது. அலுமாரியைக் கிளறினேன். புஸ்பத்தின் கூறைச் சேலைக்கு அடியில் ஒரு கசெற் கிடந்தது. மேலே பெயரும் இல்லை, திகதியும் இல்லை. (பெயர் எழுதாமல் வைத்தது யார் என்பதற்குப் பிறகு வருகிறேன், தயாராக இருங்கள்.) அலுமாரிக்கு மேலே கனகாலமாகத் தூசி குடித்துக் கிடந்த என் ரேப் ரெக்கோர்டரை இறக்கி, மேசை அதிராமல் இருக்க அந்தக் கூறைச் சேலையையே நாலாக மடித்துக் கீழே வைத்து, கசெற்றைப் போட்டேன். ஓடியதே பெரிய புதினம். ஒரு ஆண்குரல். கனத்த குரல். ஒவ்வொரு சுரத்தையும் வண்டில் கட்டி இழுப்பதுபோல் இழுக்கிறார். பாதிப் பாட்டைப் போனில் பதிந்து, ‘பெயர் தெரியாத வித்துவான், கண்டுபிடிப்பவருக்கு என் வணக்கம்’ என்று போட்டுவிட்டேன்.

குறூப்புக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. இவ்வளவு நிதானமாகப் பாடுகிறவர்கள் போன தலைமுறையோடு முடிந்துபோனார்கள் என்று கனடா டொக்டர் எழுதினார். “என்ன கம்பீரம், மாஷா அல்லாஹ்” என்று சாலிஹ் நானா குரலில் அனுப்பினார். சபையில் ஒரு பெரியவர் விம்மி அழுவது கேட்கிறது, அந்த இடத்தில் தானும் அழுதுவிட்டதாக றிஷாட் எழுதினார். எனக்குப் பொறுக்கவில்லை மச்சான். நான் போட்ட றெக்கோர்டிங், நான் ஒரு பிழை சொல்லாமல் விடலாமா? அடுப்படிப் படியில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே குந்திக்கொண்டு, வழக்கம்போல வானொலிச் செய்தி வாசிக்கிற தமிழில், போனுக்குள் சொன்னேன்: “இவருக்குக் குரல் உண்டு, எழும்பி இருந்து பாடத்தான் பஞ்சி, சோம்பல். சொற்கள் விளங்கவில்லை, வாயில் வெற்றிலை இருந்திருக்க வேண்டும். பின்னணியில் ஒரு மாடு கத்துகிறது. அந்த மாட்டுக்கு இருக்கும் சுருதிச் சுத்தம் வித்துவானுக்கு இல்லை. சபையில் அழுகிற பெரியவரின் கஷ்டம் எனக்கு நன்றாக விளங்குகிறது.”

புஸ்பம் எனக்குப் பின்னால் இருந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். கசெற்றின் வெற்றுப் பெட்டி மேசையில் கிடந்தது. அதை ஒருதரம் பார்த்தாள்.

“அந்தாள் அவ்வளவு மோசமாவா பாடுது?” என்று கேட்டாள்.

“உனக்கு இதெல்லாம் விளங்காது புஸ்பம்.”

“விளங்காதுதான். எண்டாலும் வெத்திலயப் போட்டுக்கிட்டுப் பாடுற மாதிரியாக் கிடக்கு?”

“ஓம். வெத்திலதான். நல்லாச் சுண்ணாம்பு கூடின வெத்தில.”

அன்று இறால் கறியில் உப்பில்லை, நானும் சும்மா இராமல் அதையும் சொன்னேன். அடுத்த நாள் விடியச் சோறு கறி ஆக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டு, சேலை மாற்றிக்கொண்டு வந்து, “அண்ணன்ட வேளாண்ம வெட்டு. போயிற்று வாறன்” என்றாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். “வெட்டு முடியட்டும்” என்றாள். உங்கள் வெட்டையா சொன்னாள், என் வாய் வெட்டையா சொன்னாள் என்று எனக்கு அப்போது தெரியாது. கூறைச் சேலையை ரேப் ரெக்கோர்டருக்கு மெத்தையாக்கினதற்குத்தான் கோபம் என்று நினைத்து, அதை எடுத்து உதறி, மடித்து, இருந்த இடத்திலேயே வைத்தேன். மடிக்கத் தெரியாமல் மடித்ததில் இப்போது அலுமாரிக் கதவு சாத்துப்படவில்லை.

செவ்வாய்க்கிழமை சாலிஹ் நானா கூப்பிட்டார். அசல் கசெற்றைக் கொண்டு வாங்கோ, என்னிடம் நல்ல மெஷின் இருக்கு, முழுக்கக் கேட்டால் ஆளைப் பிடிச்சிரலாம் என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு காத்தான்குடிக்குப் போனேன். நானாவின் மகள் றுமானா, பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிற பிள்ளை, இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்தாள். நான் என் போனில் இருந்ததை மறுகாலும் போட்டுக் காட்டி, “இந்தா, இந்த இடத்தில்தான் மாடு” என்று நானாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை தட்டோடு நின்றுவிட்டது.

“வாப்பா, இது மாடில்ல. காகம்.”

“காகம் இப்பிடிக் கத்துமா மகள்?” என்றார் நானா.

“மெதுவா ஓடுற மெஷின்ல போட்டா இப்பிடித்தான் கத்தும். அங்கிள்ட ரெக்கோர்டர்ல பெல்ட் இளகியிருக்கும். உங்கட மெஷின்ல போட்டுப் பாருங்களன்.”

போட்டார். மச்சான், அதற்குள்ளிருந்து ஒரு பெண்பிள்ளை பாடினாள். இளங்குரல். ஒவ்வொரு சொல்லும் கழுவி வைத்தது மாதிரி. வெற்றிலையும் இல்லை, பஞ்சியும் இல்லை. மாடு காகமாகிப் பறந்துபோனது. றிஷாட்டை அழவைத்த பெரியவர் ஒரு கைக்குழந்தையாகி வீரிட்டது. பாட்டு முடிந்ததும் மைக்குக்குக் கிட்ட ஒரு ஆம்பிளைக் குரல் கேட்டது: “புஸ்பம், மற்றதயும் பாடு. பற்றரி இன்னும் கிடக்கு.” அது உங்கட குரல் மச்சான். அழுதது உங்கட மூத்தவன்.

நானா மெஷினை நிற்பாட்டினார். “மூர்த்தி சேர், உங்கட மிஸிஸ் பாடுவாவா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தெரியாது நானா” என்றேன்.

றுமானா என் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை வாங்கி மேசையில் வைத்தாள். நான் அழுதுபோட்டன் மச்சான், பிறத்தியார் வீட்டில், ஒரு பெண்பிள்ளைக்கு முன்னால். எந்த வித்துவான் எந்த ராகத்தில் எங்கே மூச்சு விடுவார் என்று எனக்குத் தெரியும். என் வீட்டு அடுப்படியில் நிற்கிறவள் பாடுவாள் என்று தெரியாது. அந்தப் பாட்டு என்ன அருமையான பாட்டு!

ஆனால் இதில் உங்கள் பங்கையும் சொல்லாமல் விடமுடியாது. கசெற்றில் ‘புஸ்பம்’ என்று ஒரு சொல் எழுத ஒரு பேனை கிடைக்கவில்லையா உங்களுக்கு? சரி, அதை விடுங்கள். எங்களுக்குக் கலியாணம் பேசி வந்த நேரம் பழுகாமத்தில் எத்தனை ஏக்கர் காணி, எத்தனை மாடு, எத்தனை தென்னை என்று எல்லாம் வரிசையாகச் சொன்னீர்கள். பெண் பாடும் என்று ஒரு வார்த்தை வாயில் வந்ததா? மாட்டைச் சொன்ன நீங்கள் பாட்டைச் சொல்லியிருக்கலாம்தானே? சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் இந்த உப்பில்லாத பருப்பை நானே அவித்துத் தின்றுகொண்டிருப்பேனா?

பிழையைத் திருத்த நான் முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகப் புஸ்பத்துக்கு நீண்ட குரல் பதிவொன்று அனுப்பினேன். ‘ஒரு புருஷன் என்ற முறையில் அல்ல, நடுநிலையான ரசிகன் என்ற முறையில்’ என்று தொடங்கி, குரல், உச்சரிப்பு, ராகத்தின் களை எல்லாவற்றையும் மனதாரப் புகழ்ந்தேன். கடைசியில், நேர்மை வேணுமே என்பதற்காக, அனுபல்லவியில் ஓரிடம் கொஞ்சம் அவசரம், அந்த வயதுக்கு மன்னிக்கலாம் என்று ஒரே ஒரு வசனம் சேர்த்தேன். கேட்டுவிட்டாள் என்று நீலக்கோடு விழுந்தது. இரவு மெல்பேணிலிருந்து மகள் விதுர்ஷா எடுத்தாள்.

“அப்பா, அந்தக் கடைசி வசனத்த ஏன் சொன்னீங்க?”

“இருந்ததச் சொன்னன் மகள்.”

“அம்மா அழுதவ. உங்களப் பத்தி அம்மா ஒரு நாளும் ஒண்டும் சொன்னதில்ல, தெரியுமா?”

என்னைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? நான் என்ன பாடுகிறேனா? பிள்ளை தூரத்தில் இருந்துகொண்டு விளங்காமல் கதைக்கிறது.

மச்சான், உண்மையைச் சொன்னால் எனக்கு இருப்புக் கொள்ளுதில்லை. ரேடியோவைப் போடுகிறேன், நிற்பாட்டுகிறேன். பாலம் வரைக்கும் நடந்து போகிறேன், வாவியைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் திரும்பி வருகிறேன். எந்த றெக்கோர்டிங்கையும் முழுதாகக் கேட்க முடியவில்லை. அடுப்படியில் சட்டி பானைச் சத்தம் இல்லாவிட்டால் எனக்குச் சங்கீதம் ஏறாது போலிருக்கிறது. வீடு வெறிச்சென்று கிடக்கிறது. விடியக் கிணற்றடிக்குப் போனாலும் இரண்டு வாளியை ஊற்றிப்போட்டு வாயைத் திறக்காமல் வந்துவிடுகிறேன்.

இதோடு இன்னொரு செய்தி, இதைக் கட்டாயம் புஸ்பத்துக்கு வாசித்துக் காட்டுங்கள். நான் யாருக்கும் ஓரவஞ்சகம் செய்கிறவன் இல்லை, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் ஒரே தராசு என்பதற்கு இது அத்தாட்சி. நேற்றுப் பின்னேரம் சாலிஹ் நானா வழக்கம்போலப் பெயர் மறைத்து ஒன்று போட்டார். இந்த முறை நான் ஏமாறவில்லை. முதலில் வேகத்தைச் சரிபார்த்தேன். பின்னணியில் ஒரு காகம் இருந்தது, காகம் காகமாகவே கத்தியது. ஆகவே பாடுகிறது ஆண்தான், வயது போனவர். பக்கவாத்தியம் ஜலதரங்கம் என்று நினைக்கிறேன், தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. இது ஒரு வித்தியாசமான முயற்சி என்று றிஷாட் நழுவிவிட்டார். நாட்டுப்புறப் பாணியாக இருக்கலாம் என்றார் கனடா டொக்டர். எல்லாருக்கும் பயம், பெரிய வித்துவானாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று. நான் பயப்படவில்லை. அதே அடுப்படிப் படியில் இருந்து சொன்னேன்: “இவர் பாடகர் அல்லர், பாட ஆசைப்பட்ட ஒருவர். மேலே போகவேண்டிய இடத்தில் செருமுகிறார், கீழே வரவேண்டிய இடத்தில் பாட்டையே மாற்றிவிடுகிறார். ஜலதரங்கக்காரர் ஒருவர்தான் ஆறுதல், அவரும் இடைக்கிடை முழுத் தண்ணீரையும் கொட்டிவிடுகிறார். இவருடைய வீட்டாரை நினைத்தால்தான் கவலை. அவர்கள் இதைத் தினமும் கேட்கவேண்டியிருக்குமே.” சொல்லி முடிந்தபோதுதான் மனதுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. மத்தியானம் பெயர் வரும். யாரோ பெரிய ஆள் கடைசிக் காலத்தில் பாடினதாகத்தான் இருக்கும், பாருங்கள்.

ஆகவே மச்சான், என் பக்கம் பிழையைவிடச் சந்தர்ப்பம்தான் கூட என்பது உங்களுக்கு விளங்கியிருக்கும். நாளைக்கு எப்படியும் புஸ்பத்தை பஸ் ஏற்றிவிடுங்கள். களுவாஞ்சிகுடிச் சந்தியில் நான் வந்து நிற்கிறேன். குறூப்பிலிருந்து விலகச் சொன்னால் விலகுகிறேன். குறைந்தது, வீட்டுக்குள் இருந்து அபிப்பிராயம் சொல்லமாட்டேன், மதிலுக்கு வெளியே போய்ச் சொல்கிறேன். ரேப் ரெக்கோர்டருக்குப் புது பெல்ட் வாங்கிவிட்டேன் என்றும் சொல்லுங்கள்.

மச்சாளுக்கு என் வணக்கம். கைக்குழந்தையாக இருந்தபோதே சபையைக் கலக்கிய உங்கள் மூத்தவனுக்கும், உரத்து வாசிக்கும் பேரனுக்கும் என் ஆசீர்வாதம். இந்த வெட்டில் உங்கள் களம் நிறைந்து நெற்பட்டறை உயரட்டும், மழை நெல்லைக் காயவிட்டு வரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியை எதிர்பார்த்திருக்கும்
வினாயகமூர்த்தி

பிற்குறிப்பு: மச்சான், கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், பிய்த்துத்தான் இதை எழுதுகிறேன். மத்தியானம் பெயர் வந்துவிட்டது. சாலிஹ் நானா போட்டதை அப்படியே எழுதுகிறேன்: ‘பாடியவர்: வினாயகமூர்த்தி. இடம்: கல்லடி, கிணற்றடி. பக்கவாத்தியம்: வாளி. ஒலிப்பதிவு: புஸ்பம், அடுப்படி ஜன்னலிலிருந்து.’ விதுர்ஷா அப்பாவின் சத்தம் கேட்க ஆசையாக இருக்கிறது என்று கேட்டதற்காக எப்போதோ பதிந்து அனுப்பினதாம். நான் அழுததைக் கண்ட றுமானா புஸ்பத்துக்குப் போன் எடுத்துக் கதைத்திருக்கிறாள், அந்தப் பதிவைப் புஸ்பம் அவளுக்கு அனுப்ப, அந்தப் பிள்ளை அவளையும் குறூப்பில் சேர்த்துவிட்டிருக்கிறது. கீழே புஸ்பத்தின் முதல் அபிப்பிராயம் கிடந்தது, குரலில்தான் சொல்லியிருந்தாள். “நான் இவர் பாடுறதக் கலியாணம் முடிச்ச நாளிலிருந்து கேக்கிறன். சுருதியும் இல்ல, தாளமும் இல்ல. எண்டாலும் ஒரு நாளைக்குச் சத்தம் வராட்டிக் கிணத்தடியப் போய் ஒருக்காப் பார்ப்பன்.”

எல்லாரும் சிரிக்கிற முகம் போட்டிருக்காங்க. என்ர அபிப்பிராயத்தக் கேக்கிறாங்க. எனக்கு ஒண்டும் வருதில்ல மச்சான், எழுதி எழுதி அழிச்சுப்போட்டுப் போன வெச்சிட்டன். மேல எழுதின ஒண்டையும் கணக்கெடுக்காதீங்க. புஸ்பத்த அனுப்பவும் வேணாம். இந்தக் கடிதத்தக் கையில தாறது லொறிக்காரர்தான், ஆனா அவர் தனிய வரல்ல. வாசிச்சு முடிஞ்சா நிமிர்ந்து பாருங்க, லொறிக்குப் பக்கத்தில, உங்கட படலைக்கு வெளியால நிக்கிறது நான்தான். கையில கசெற்றும் ஒரு பை இறாலும் இருக்கு. புஸ்பத்திட்டச் சொல்லுங்க, அவள் பாடினா நான் ஒரு பக்கமாக் குந்தியிருந்து இறால் உரிப்பன், வாய் திறக்க மாட்டன்.